உப்புப் பாதி

கிடங்குத் தெருவின் கடைசியில் இருக்கும் டிரைவர் வீடு வருடத்துக்கு ஒரு சாண் மேற்கே நகர்கிறது. இது வாய்க்கு வந்த பேச்சு அல்ல. நகராட்சியில் இதற்கென்று தனிக் கோப்பு இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை சர்வேயர் அளவு நாடாவோடு வந்து, அளந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். வீட்டுச் சுவரில் விரிசல் கிடையாது. கதவு நிலையில் இடிப்பதில்லை. மழைக்கு ஒழுகும் இடம்கூடப் பழைய இடம்தான். அடித்தளம், சமையலறை, பின்பக்கத் துவைகல், துவைகல்லுக்கு அடியில் குடியிருக்கும் தவளை எல்லாம் ஒன்றாகவே போகின்றன. இதை முதலில் கண்டுபிடித்தவர் கிழக்குப் பக்கத்து இஸ்திரிக்காரர். இரண்டு வீடும் ஒட்டி நின்ற இடத்தில் ஒரு நாள் அவரால் குடையைச் செருகி வைக்க முடிந்தது. மூன்றாம் வருடம் அங்கே சைக்கிளை நிறுத்தினார். ஒன்பதாம் வருடம் மேசையையும் இஸ்திரிப் பெட்டியையும் அங்கேயே போட்டு, மேலே தகரம் வேய்ந்து, கடையை நடத்த ஆரம்பித்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. மேற்கே ஒரு காலி மனையும் அதன் ஓரமாகத் தெருக்குழாயும் இருந்தன. குழாயை நகராட்சி இதுவரை இரண்டு முறை தள்ளி நட்டிருக்கிறது. மின்சார லைன்மேன் வருடா வருடம் கம்பியைக் கொஞ்சம் நீட்டி இழுத்துக் கட்டிவிட்டு, "பட்டத்துக்கு நூல் விடுற மாதிரி ஆயிப்போச்சு எங்க பொழப்பு" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு ரொட்டி. சரியாகச் சொன்னால் பாதி ரொட்டி.

டிரைவர் இருபத்தேழு வருடம் லாரி ஓட்டியவர். அவர் மனைவி தெருமுனையில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். தெரு முழுக்க அவளை ரொட்டியம்மா என்றே கூப்பிட்டது. அவள் பிறந்த வீட்டில் எட்டு வாய். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, மிளகும் உப்பும் போட்டு வதக்கி, ரொட்டிக்குள் வைத்து மூடிச் சுடுவார்கள். அதுதான் காலையும் அதுதான் மாலையும். கல்யாணமான இரண்டாம் வருடம், மூன்று நாள் பயணத் தூரத்தில் இருந்த ஒரு துறைமுக ஊரிலிருந்து டிரைவர் ஒரு பொட்டலம் உலர்ந்த அத்திப்பழத்தோடு வந்து இறங்கினார். அந்த ஊரில் அத்திப்பழத்தையும் வறுத்த எள்ளையும் இடித்து ரொட்டிக்குள் வைப்பார்களாம், தின்றுவிட்டு வண்டியை எடுத்தால் நூறு மைலுக்கு நாக்கில் அந்த ருசி நிற்குமாம். ரொட்டியம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பழத்தைப் போயி ரொட்டிக்குள்ள வச்சு எவனாவது திம்பானா?" என்றாள். ஊரே தின்கிறது என்றார் அவர். "அப்ப அந்த ஊர்லயே இருந்து தின்னுருக்க வேண்டியதுதானே, இங்க எதுக்கு வந்தீங்க?" சண்டை மூன்று நாள் நடந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அவளும், வாழ்க்கை முழுக்க வெங்காயமா என்று அவரும் விடாமல் நின்றார்கள். நாலாம் நாள் காலையில் அவள் ஒரே ரொட்டியில் இரண்டையும் வைத்துச் சுட்டுப் போட்டாள்.

செய்முறை இதுதான். மாவை மெல்லிய வட்டமாகத் தட்டி, நடுவில் குறுக்கே ஒரு விரல் தடிமனுக்கு மாவாலேயே வரப்புக் கட்ட வேண்டும். வரப்புக்கு இந்தப் பக்கம் வெங்காயம், அந்தப் பக்கம் அத்திப்பழம். மேலே இன்னொரு வட்டத்தைப் போர்த்தி ஓரத்தை அழுத்தி மூடிவிட்டுக் கல்லில் போட்டு, ஒரே ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். வெந்ததும் வரப்பின் மேலேயே கத்தியை வைத்து அறுத்தால், அறுத்த இடத்தில் வெறும் மாவுதான் தெரியும். இரண்டு பாதியும் வாய் தைத்த சுருக்குப்பை மாதிரி மூடியே இருக்கும். எது எந்தப் பாதி என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் இனிப்புப் பாதியின் ஓரத்தை மட்டும் அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளிவிடுவாள். இரண்டு முகத்திலும் தழும்பு விழும், திருப்பிப் போட்டாலும் போகாது.

டிரைவர் வண்டி எடுக்கும் நாளில் உப்புப் பாதி அவரோடு போகும், இனிப்புப் பாதி வீட்டில் இருக்கும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளும் அவள்தான். "இனிப்பை வழியிலயே முழுங்கிட்டா அப்புறம் வீட்டுக்கு வர என்ன இருக்கு உங்களுக்கு?" என்று வேடிக்கையாகச் சொன்னாள். வேடிக்கைதான். ஆனால் அந்த வீட்டில் இருந்த இனிப்புப் பாதி ஆறவே இல்லை. முதல் நாள் அடுப்புச் சூடு என்று நினைத்தாள். இரண்டாம் நாள் வெயில் என்று நினைத்தாள். எட்டாம் நாள் டிரைவர் வாசலில் கால் வைத்தபோது, அவள் கையில் எடுத்த பாதி அந்த நொடியே சில்லென்று ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் அப்படியே நடந்தது. கேள்விப்பட்ட மற்ற டிரைவர்களும் ஆளுக்கொரு ரொட்டி வாங்கி, இனிப்புப் பாதியைக் கடையில் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார்கள். அவையெல்லாம் மற்ற ரொட்டிகளைப் போலக் கால் மணி நேரத்தில் ஆறிப்போயின, எறும்பும் மொய்த்தது. கேட்டால், "நான் என்ன செய்ய? உங்க வீட்ல சொல்லிச் செய்யச் சொல்லுங்க" என்பாள்.

ஒருமுறை, கூட ஓட்டுகிற டிரைவர் ஒருவர் தலைவிரிகோலமாக ஓடி வந்து, மலைச்சாலையில் லாரி உருண்டுவிட்டது, ஆள் போய்விட்டார் என்று அழுதார். தெரு கூடிவிட்டது. ரொட்டியம்மா உள்ளே போய்த் தட்டில் இருந்த பாதியைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, "சூடாத்தான் இருக்கு. போய் நல்லா விசாரிச்சுட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மாவு பிசைய உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாள் கழித்து டிரைவர் உயிரோடு வந்தார், இடது கால் முட்டிக்குக் கீழே இல்லாமல். பாதி சில்லிட்டது. அந்தப் பன்னிரண்டு நாளில் அவள் தலையில் ஒரு பக்கம் முழுக்க நரைத்திருந்தது. அதோடு லாரியும் போயிற்று. அதன் பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினார். வண்டி ஓட்டிய கை என்பதால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் விழும்.

அவர்களுக்கு ஒரே மகள். அதே தெருவில் லாரி எடை பார்க்கும் மேடையில் அவளுக்கு வேலை. வருகிற லாரிக்கு ஒரு சீட்டு, போகிற லாரிக்கு ஒரு சீட்டு. நாலு வருடம் எழுதினாள். ஐந்தாம் வருடம், அந்த அத்திப்பழ ஊரில் ஒரு கப்பல் அலுவலகத்தில் தனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னாள். டிரைவருக்கு உள்ளூரச் சந்தோஷம், முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். ரொட்டியம்மாவுக்கு வந்த கோபம் சின்னது இல்லை. "ஒருத்தர் போயிப் போயி வர்றத பாத்தே என் ஆயுசுல பாதி போச்சு. தொட்டுத் தொட்டுப் பாத்து என் விரல் ரேகையே அழிஞ்சு போச்சுடி. இன்னொரு தடவ என்னால ஆகாது" என்றாள். மகள், "அப்பா போனா மட்டும் ரொட்டி சுட்டுக் குடுப்ப, நான் போனா மட்டும் ஆகாதா?" என்றாள். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. இரண்டு பேருமே பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம். புறப்படுகிற நாள் வந்தது. ரொட்டியம்மா அறைக்குள் போய், துவைத்த துணிகளை மடிக்கிறேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அடுப்புப் பக்கம் வரவே இல்லை.

வெறுங்கையோடு பிள்ளையை அனுப்பக் கூடாது என்று டிரைவர் கட்டையை ஊன்றி எழுந்து தானே ரொட்டி செய்தார். பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். வரப்புக் கட்டினார், இடது பக்கம் அத்திப்பழம், வலது பக்கம் வெங்காயம் வைத்தார், மூடினார். கிள்ள வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. ஆனால் அவர் கிள்ளவில்லை. மேலாகக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். கல்லில் போட்டதும் ரொட்டி உப்பியது, அழுத்தின தடம் உப்பலோடு போய்விட்டது. தோசைத்திருப்பியை அடியில் கொடுத்து, தனக்கு எதிர்ப்பக்கமாகப் புரட்டிப் போட்டார். அப்படிப் புரட்டினால் இடது இடதுதான், வலது வலதுதான். ஆனால் அவர் இருபத்தேழு வருடம் லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தே உலகத்தைத் தெரிந்துகொண்டவர். முதுகு காட்டித் திரும்பியது எதுவாக இருந்தாலும் இடம் வலமாகும், வலம் இடமாகும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. டிரைவர் ஒரு நொடி கண்ணை மூடி, கண்ணாடியை நினைத்துக்கொண்டு, இடதுபக்கப் பாதியைத் துணியில் சுற்றி மகள் கையில் கொடுத்தார். "வழில சாப்பிடும்மா. உங்கம்மா கோவம் ரெண்டு நாள்ல போயிடும்" என்றார். அவள் அறைக்கதவைப் பார்த்தாள். "அம்மா, போயிட்டு வர்றேன்" என்றாள். உள்ளேயிருந்து துணி உதறுகிற சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் ரொட்டியம்மா பாதி இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வழக்கமாக அந்தத் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு நடுவில்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். இந்தத் தடவை கிண்ணம் வைக்கவில்லை, எறும்பும் வரவில்லை. "ஏங்க, எறும்பு வரலையே" என்றாள். டிரைவருக்கு முகம் வெளுத்தது. அவள் ஓரத்தைத் துளி பிய்த்து நாக்கில் வைத்தாள். வெங்காயம். பாதி சுடச்சுட இருந்தது. என்ன நடந்தது என்று அவர் கண்ணாடிக் கதையைச் சொல்லி முடித்தபோது, "நான் செஞ்சிருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று அவள் கத்தினாள். கத்திவிட்டு, தன் வாயாலேயே தன்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டதை உணர்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. அந்த ஊர் அஞ்சல் முத்திரை இருந்தது. கதவெண், தெரு எதுவும் இல்லை. ஐந்து வரி. "அம்மா, இனிப்புப் பாதிய குடுத்து அனுப்பிட்ட. வழியிலயே முழுங்கிட்டா வீட்டுக்கு வர என்ன இருக்குன்னு நீதான் சொல்லுவ. அதனால நான் அதைத் தின்னல. இனிமே இனிப்பு இருக்கிற எடந்தான் வீடு, வர வேண்டியவங்க நீங்கதான். எப்ப வேணா வாங்க, பாதி சூடாத்தான் இருக்கு." டிரைவர் கடிதத்தை மடித்து, "வாங்கன்னுதானே எழுதிருக்கா. போவோம்" என்றார். ரொட்டியம்மா, "பெத்தவ அப்படிச் செய்வான்னு நெனச்சுட்டா இல்ல? தப்புன்னு தெரிஞ்சு அவளே வரட்டும்" என்றாள். டிரைவர் அந்த ஊர் அஞ்சலகத்துக்கே முகவரியிட்டு, கண்ணாடி, இடம், வலம் எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கி நாற்பது கடிதம் எழுதினார். நாற்பதும் போன வழியே திரும்பி வந்தன. இஸ்திரிக்காரர் சுவர் இடுக்கில் குடையைச் செருகியது மகளின் கடிதம் வந்த மாதம்தான்.

ரொட்டிக்குத் தவறு என்பது தெரியாது, யார் கோபமாக இருந்தார்கள் என்பதும் தெரியாது. உப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் வழிப்போக்கர்; இனிப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் வீட்டில் காத்திருப்பவர். உப்புப் பாதி வீட்டுக்குள் தங்கிவிட்டதால் வீடு புறப்பட்டுவிட்டது. தெருவில் எல்லாருக்கும் இது இரண்டே வருடத்தில் புரிந்துபோனது. நகராட்சியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது, மேற்படி ரொட்டியை அப்புறப்படுத்திக் கட்டடத்தின் நகர்வை நிறுத்தும்படி. நோட்டீஸைக் கொண்டுவந்த சர்வேயர் அப்போது வேலைக்குப் புதிது. ரொட்டியம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுவும் நின்னுட்டா எங்களுக்கு என்ன மிச்சம்?" என்றாள். அவர் அந்த நோட்டீஸைக் கோப்பிலேயே வைத்து மூடிவிட்டார், இன்றுவரை திறக்கவில்லை.

ரோஷம் கரைய ஏழு வருடம் பிடித்தது. ஏழாம் வருடம் ஒரு காலை, ரொட்டியம்மா தெருவில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் உப்புப் பாதியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள். டிரைவர், நான் வந்தால் கட்டையும் நானுமாக உனக்கு இரண்டு சுமை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். மூன்று நாள் பயணம். அந்த ஊரில் பதினோரு நாள் கப்பல் அலுவலகம் கப்பல் அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் மீன் வலை காய்கிற ஒரு சந்தில் ஒரு மாடி வீட்டைக் கண்டுபிடித்தாள். வீட்டுக்காரம்மா அறையைத் திறந்து காட்டினாள். "ஏழு வருஷம் இங்கதாம்மா இருந்துச்சு. தங்கமான பொண்ணு. தெனம் டீ போட்டா மூணு டம்ளர் எடுத்து வைக்கும். யாருக்குடின்னா, வர்றவங்களுக்குன்னு சொல்லும். போன மாசந்தான் கப்பல் ஏறிச்சு. எந்த தேசம்னு சொல்லிச்சு, என் வாயில நுழையல" என்றாள். ரொட்டியம்மா ஜன்னலுக்குப் போனாள். ஜன்னல் திண்டில், ஏழு வருடம் சூடான ஏதோ இருந்த இடத்தில், சிமெண்டு பழுப்பேறி அரைவட்டமாகத் தடம் விழுந்திருந்தது. பையிலிருந்து உப்புப் பாதியை எடுத்து, அந்தத் தடத்தின் வெட்டு விளிம்போடு ஒட்டி வைத்தாள். இம்மி பிசகாமல் பொருந்தி முழு வட்டம் ஆனது. பிறகு வாய்விட்டு அழுதாள், ஏழு வருடத்துக்கும் சேர்த்து. வீட்டுக்காரம்மா டீ போட்டுக் கொண்டுவந்து, குடிக்கச் சொல்லி வற்புறுத்தி, ரயிலடி வரைக்கும் கூடவே வந்தாள்.

அந்த வருடம் சர்வேயர் ஒரு புதிய விஷயத்தைக் கோப்பில் எழுதினார். வீடு நேர் மேற்கை விட்டு ஒரு விரல் தெற்கே சாய்ந்து போக ஆரம்பித்திருந்தது. மகள் இருக்கும் பக்கம்தான் வீடு போகிறது, அவள் இடம் மாறினால் இதுவும் திரும்புகிறது என்பதை டிரைவர்தான் முதலில் சொன்னார். திசை தெரிந்துவிட்டது, தூரம்தான் தெரியவில்லை. சர்வேயரை உட்காரவைத்து, எத்தனை நாளில் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னார். சர்வேயர் நேர்மையானவர். அந்தத் திசையில் கடற்கரை ஆயிரத்து நூறு கிலோமீட்டர், ஒரு சாண் இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஐம்பது லட்சம் வருடம் என்று கண்டுபிடித்து, அதில் ஏற்கெனவே கழிந்த ஏழு வருடத்தையும் கழித்துச் சொன்னார். "கரை வரைக்குந்தாங்க. அதுக்கப்புறம் தண்ணி, அது எங்க டிபார்ட்மெண்டு இல்ல" என்றார். டிரைவர், "எறும்பு ஊரக் கல்லும் தேயும்பாங்க" என்றார். "தேயுங்க, ஆனா எறும்பு செத்துப் போயிரும்" என்றார் சர்வேயர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்று பேரும் சேர்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள்.

மறுவாரமே டிரைவர் பழைய இரும்புக் கடையிலிருந்து லாரியின் பக்கக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து மேற்கு ஜன்னல் சட்டத்தில் மாட்டிவிட்டு, ஜன்னலடியில் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு பத்து வருடம் பகல் முழுக்க அங்கேயே இருந்தார். முன்னால் காலி மனை, கண்ணாடியில் இஸ்திரிக்காரரின் மேசை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவ்வப்போது கண்ணாடியைப் பார்த்து, "பின்னாடி யாரும் இல்ல, போகலாம்" என்பார். "இந்தப் பாழாப்போன கண்ணாடியாலதானே இவ்வளவும்" என்று அடுப்படியிலிருந்து அவள் சொல்வாள். "அதுக்காக? கண்ணாடி இல்லாம ஓட்ட முடியுமா?" என்பார் அவர். ஒரு நாளைக்கு ஒரு முறையாவது அவள் உப்புப் பாதியைத் தொட்டுப் பார்த்து, "இருக்கா" என்று குரல் கொடுப்பாள். மகள் உயிரோடு இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம். அந்தப் பத்து வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்த செய்தி அது ஒன்றுதான். நல்ல செய்திதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மகளும் அங்கே ஏதோ ஒரு ஜன்னலில் இன்னொரு பாதியைத் தொட்டுப் பார்த்து இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள், இவர்கள் இருக்கிறார்கள் ஆனாலும் வரவில்லை என்று. அதை நினைக்கிறபோதெல்லாம் ரொட்டியம்மா பாதியை இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பாள்.

பதினேழாம் வருடம், ஒரு மத்தியானம், டிரைவர் நாற்காலியிலேயே போய்விட்டார். கையில் பாதி நறுக்கிய வெங்காயம் இருந்தது, துண்டுகள் எல்லாம் ஒரே அளவு. ரொட்டியம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். வரப்புக் கட்டி, இரண்டு பக்கமும் நிரப்பி, இனிப்புப் பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தமாகக் கிள்ளி, ஒரு தடவை திருப்பிப் போட்டாள். உப்புப் பாதியை அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பினாள். இனிப்புப் பாதியை அடுக்களைப் பலகையில், பழைய உப்புப் பாதிக்குப் பக்கத்தில் வைத்தாள். அது மற்ற ரொட்டிகளைப் போலக் கால் மணி நேரத்தில் ஆறிவிட்டது. ஆறும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நாலாம் நாள் எறும்பு வந்தது, அவள் விரட்டவில்லை.

தனியாக இருக்கிறாளே என்று தெருக்காரர்கள் சொல்லாத யோசனை இல்லை. இஸ்திரிக்காரரின் மனைவி தன் வீட்டுப் பின்னறையைக் காலி செய்துவைத்துக்கொண்டு வந்து கூப்பிட்டாள். "வந்துருங்கக்கா. இவ்வளவு பெரிய வீட்ல ஒத்தையா என்ன பண்ணுவீங்க?" ரொட்டியம்மா அவளுக்கு ஒரு ரொட்டியை அறுத்துக் கொடுத்தபடியே, "நடுவழியில எப்படிம்மா எறங்குறது?" என்றாள். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை. டிரைவரின் நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்து மாவு பிசைகிறாள். கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறாள், ஆனால் பார்ப்பதில்லை.

அந்த வருடத்து அளவுக்குச் சர்வேயர் வந்தார். அவருக்கும் இப்போது காதோரம் நரைத்துவிட்டது. நாடாவைப் பிடித்தார், முகம் சுளித்தார், மறுமுனையைப் பிடிக்க இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை அளந்தார், மூன்றாவது தடவையும் அளந்தார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு, "அம்மா, இந்த வருஷம் ஒரு சாணும் நாலு விரலும் காட்டுது. பதினேழு வருஷத்துல இப்படி ஆனதே இல்ல" என்றார்.

ரொட்டியம்மா மாவிலிருந்து கையை எடுக்காமல், "அவரு எறங்கிட்டாரு இல்ல. பாரம் கொறைஞ்சிருக்கும் தம்பி" என்றாள்.

சர்வேயர் கோப்பில் குறிப்பு என்ற இடத்தில் 'பாரம் குறைவு' என்று எழுதினார். பழக்க தோஷத்தில் அங்கேயே நின்று புதிய கணக்கையும் போட்டார். வருடத்துக்கு முப்பது சென்டிமீட்டர் என்றால், கரைக்கு முப்பத்தாறு லட்சத்து அறுபத்தாறாயிரத்துச் சொச்சம் வருடம். சொல்வதா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னார். அவள் உருண்டையை உருட்டிக்கொண்டே கேட்டாள், ஐம்பதிலிருந்து முப்பத்தாறா என்று ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப நானும் எறங்கிட்டா இன்னும் வெரசாப் போகும்" என்றாள்.

சர்வேயர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். ரொட்டியம்மா எழுந்து பலகைக்குப் போய் உப்புப் பாதியைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. கேட்க டிரைவர் இல்லாவிட்டாலும், "இருக்கா" என்றாள். பிறகு கல்லை அடுப்பில் ஏற்றி, சர்வேயரை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றி, போன வருடத்தைவிட ஒரு சாணும் நாலு விரலும் தள்ளியிருந்த வாசலில் ஏறி, உள்ளே வந்து உட்கார்ந்தார்.